நீல டிரம்

புனேயின் லோஹேகாவுக்குக் குடிவந்தபோது எங்கள் முற்றத்தில் சேர்ந்த முதல் சொத்து, ஒரு நீல டிரம். லாரித் தண்ணீரை நம்பிய வீடு. மூடி உடைந்ததும், கொசு புகாதிருக்கப் பழைய வேட்டியை மடித்துக் கட்டினேன்.

இதே புனேயில் 1952-இல் வைரஸ் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. 1973-இல் சோலாப்பூர் மாவட்டம் பார்சியில் சிக்குன்குன்யா பரவியது. பிறகு முப்பதாண்டுபோல அடங்கிக் கிடந்து 2005-இல் திரும்பியது. 2021 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் முதல் ஜிகா, புரந்தர் தாலுகா பேல்சர் கிராமத்தில். இந்த நோய்களெல்லாம் ஏடிஸ் கொசுவின் கைங்கரியம். அது கடிப்பது பகலில். இரவில் நாம் கொசுவர்த்தி கொளுத்துகிறோம்!

டிரம் தண்ணீரைக் கொட்டினால் போதும் என்றிருந்தேன். ஏடிஸ் முட்டையோ நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்தும் பிழைக்கும். இப்போது சனிக்கிழமைதோறும் தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்க்கிறேன்.