தலைமையாசிரியர் கொடுத்த சுதந்திரம்

லண்டன் இஸ்லிங்டன் பகுதியில் வில்லியம் டிண்டேல் என்றொரு தொடக்கப்பள்ளி. 1974 ஜனவரியில் டெர்ரி எல்லிஸ் அங்கே தலைமையாசிரியராக வந்தார். எதை, எப்படிக் கற்பிப்பது என்பதை ஆசிரியர்களே கூடிப்பேசி முடிவு செய்யட்டும் என்றார். வருகைப் பதிவேட்டுக்குப் பயந்தே பழகிய நம்மவர்களுக்கு இது சொர்க்கம் மாதிரித் தெரியும்.

ஆனால் விட்டுக்கொடுக்க அவரிடம் அந்த அதிகாரம் எப்படி வந்தது? 1944 கல்விச் சட்டம் சமயக் கல்வி தவிர எந்தப் பாடத்தையும் கட்டாயமாக்கவில்லை. மிச்சமெல்லாம் நடைமுறையில் தலைமையாசிரியர் கையில். ஆக, 'ஆசிரியர் சுயாட்சி' என்று இங்கிலாந்து பெருமைப்பட்டுக்கொண்டது பெரும்பாலும் தலைமையாசிரியரின் சுயாட்சிதான். வகுப்பறைக்குள் ஆசிரியருக்குக் கிடைத்தது அவருடைய தயவு.

எல்லிஸ் இந்தத் தயவை உரிமையாக்கப் பார்த்தார். சிக்கல் உள்ளேயே முளைத்தது. கூட்டத்தில் பிரையன் ஹாடோ போன்றவர்களின் குரல் ஓங்கியது. தன் வகுப்பில் என்ன செய்வதென்பதைக் குழந்தைகளே தேர்ந்துகொள்ள விட்டவர் அவர். இதை ஏற்காத பகுதிநேர ஆசிரியை ஒருவர், எழுத்தும் கணக்கும் ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டுமென்று பெற்றோரிடம் போனார். அவரைக் கட்சிமாறி என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அவருடைய சுயாட்சிக்கு அந்தக் கூட்டத்தில் என்ன இடம் இருந்தது? தலைமை விலகிய நாற்காலியில் சத்தமாகப் பேசுகிறவர் உட்கார்ந்துவிடுகிறார். அவரைக் கேள்வி கேட்க விதிமுறைகூட இருப்பதில்லை.

பெற்றோர் பலர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். 1975 செப்டம்பரில் ஆய்வாளர்கள் வர, ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ராபின் ஆல்ட் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 1976 ஜூலையில் வெளிவந்தது. எல்லிஸ் உட்படப் பலருக்கு வேலை போயிற்று. பள்ளி மேலாளர்களையும் லண்டன் கல்வி நிர்வாகத்தையும் அதே அறிக்கை கண்டித்திருந்தது வசதியாக மறக்கப்பட்டது.

அந்த அக்டோபரில் பிரதமர் ஜேம்ஸ் கலகன் ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கின் கல்லூரியில் பேசியபோது, பள்ளியில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பது ஊரறிய விவாதிக்க வேண்டிய சமாச்சாரம் ஆகியிருந்தது. தாட்சர் அரசின் 1988 சட்டம் தேசியப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. அதுவே பள்ளியின் வரவுசெலவை ஆட்சிக்குழுவிடமும், அதன்வழித் தலைமையாசிரியரிடமும் ஒப்படைத்தது. பாடம் ஆசிரியர் கையைவிட்டுப் போக, தலைமையாசிரியர் கைக்குக் கணக்குப் புத்தகம் வந்து சேர்ந்தது. 1974இல் தலைமையாசிரியரோடு மல்லுக்கட்டியாவது ஒரு பாடத்தை மாற்றலாம். 1988க்குப் பிறகு அவர் கையை விரித்துவிடலாம்: "நான் என்ன பண்றது? மேலேருந்து வந்திருக்கு."