ஒரு பகல் தூரத்துப் பட்டினங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் சென்னைக் குடும்பஸ்தர்களை இரண்டு வெயில்கள் வாட்டுகின்றன. ஒன்று தெருவில் காய்கிற அக்கினி நட்சத்திர வெயில். மற்றொன்று, பள்ளிக்கூடம் மூடிய குழந்தைகள் வீட்டுக்குள்ளே கிளப்புகிற வெயில். "எங்கேயாவது அழைத்துக் கொண்டு போங்கள்" என்ற கோரிக்கை காலைக் காப்பியோடு ஆரம்பித்து இரவுச் சாப்பாடு வரையில் ஓய்வதில்லை. உதகைக்கும் கோடைக்கானலுக்கும் போவதென்றால் லீவு வேண்டும், பணம் வேண்டும், அங்கே தங்க இடமும் வேண்டும். இம்மூன்றும் ஒரே சமயத்தில் வாய்க்கப் பெற்ற பாக்கியசாலிகளைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும், சொந்தமோ வாடகையோ ஒரு காரும், ஒரு தூக்கு நிறையப் புளியோதரையும் உடையவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் மாமல்லபுரத்துக்குப் போகிறார்கள். போக வேண்டிய இடந்தான். ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்மனும், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவனுடைய கொள்ளுப் பேரன் ராஜசிம்மனும் உருவாக்கிய கல் உலகம் அது. அர்ச்சுனன் தபசுப் பாறையில் நின்று தவம் செய்யும் பூனையைக் கண்டால் சிரிக்காத குழந்தை கிடையாது. யானைகளையும் நவமணிகளையும் சுமந்த கப்பல்கள் அந்தத் துறையில் இயங்கியதைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார்.

ஆனால் உறவுமுறை வைத்துப் பார்த்தால் மாமல்லபுரம் நம் சென்னைக்குப் பாட்டி. பாட்டிக்கும் பேத்திக்கும் போட்டி ஏது? போட்டியெல்லாம் பங்காளிகளுக்குள்தான். சென்னைக்கும் பங்காளிகள் இருந்தார்கள். கடற்கரையோரமாக வடக்கே ஒருவர், தெற்கே மூவர். நாலு பேருமே கார் வைத்துக் கொண்டு காலையில் போய் மாலையில் திரும்பக் கூடிய தூரத்தில் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் கோட்டையும் கொடியும் கப்பலுமாக வாழ்ந்தவர்கள். இன்று அவர்கள் வீட்டில் விளக்கு எரியவில்லை. நம் வீட்டில் எரிகிறது. இது எப்படி நேர்ந்தது என்பதைக் குழந்தைகளுக்குப் புத்தகத்தில் படித்துக் காட்டுவதைவிட நேரில் அழைத்துப் போய்க் காட்டுவது சுலபம்.

முதலில் வடக்கே போவோம். பொன்னேரி வழியாகச் சுமார் 60 கிலோ மீட்டர் போனால் பழவேற்காடு. விடியற்காலையில் புறப்பட்டு விட வேண்டும். அங்கே நிழல் குறைவு. இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் ஒரிஸ்ஸாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரி. பூநாரைகளை எதிர்பார்த்துப் போக வேண்டாம். அவை குளிர்காலத்து விருந்தாளிகள். ஏரியைக் கண்டதும் படகில் ஏற வேண்டும் என்று குழந்தைகள் அடம் பிடிக்கும். அதற்கும் இணங்க வேண்டாம். 2011ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் போன ஒரு படகு இங்கே கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். கரையில் இருந்து பார்ப்பதற்கே அங்கு வேண்டிய மட்டும் உண்டு.

முக்கியமாக, டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். அதன் வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் ஆளுக்கொரு பக்கமாகக் காவல் நிற்கின்றன. பயந்து போகுமோ என்று பெரியவர்கள் தயங்குவதற்குள் குழந்தைகள் அவற்றோடு சிநேகமாகி விடும். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்வெட்டுக்களோடு பெரிய பெரிய சமாதிகள். ஊரில் சற்றுத் தள்ளி ஒரு மேடும் புதரும் தெரியும். அதுதான் கெல்டிரியா கோட்டை இருந்த இடம்.

வேலூரிலும் சந்திரகிரியிலும் இருந்து ஆண்ட விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் 1610இல் அனுமதி பெற்று டச்சுக்காரர் இங்கே வியாபாரம் தொடங்கினார்கள். 1613இல் கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு அதுவே தலைநகரம். அவர்கள் தேடி வந்தது பொன்னையா, முத்தையா? இல்லை, துணியை! கிழக்கே மொலுக்கஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமானால் நம் நெசவாளர் நெய்த துணியைக் கொண்டு போக வேண்டும். அந்தத் தீவினருக்கு அதன் மேல் அவ்வளவு மோகம். பழவேற்காட்டுத் துணியின் புகழ் எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்கு ஒரு சாட்சி இன்றும் உண்டு. மலாய்க்காரர்கள் தங்கள் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பழவேற்காட்டைத்தான் வெள்ளைக்காரர் புலிக்காட் ஆக்கினார்கள்; மலாய்க்காரர் பெலிக்காட் ஆக்கினார்கள்.

அந்தப் புகழுக்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்தது. கோட்டையில் வெடிமருந்து தயாரித்தார்கள். பஞ்ச காலங்களில் வயிற்றுக்கு இல்லாமல் தங்களையும் தங்கள் மக்களையும் விற்றுக் கொண்ட ஏழைகளை அடிமைகளாக ஏற்றி, இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். துணி போன கப்பலில் துணி நெய்த நாட்டு மக்களும் போனார்கள். சமாதிகளின் சிற்ப வேலைப்பாட்டை வியக்கும்போது, சமாதியே இல்லாத இவர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்வது நலம்.

இனி ஆங்கிலேயர் கதைக்கு வருவோம். 1611இல் 'குளோப்' என்ற ஆங்கிலக் கப்பல் பழவேற்காட்டுக்கு வந்தது. "இங்கே உங்களுக்கு இடமில்லை" என்று டச்சுக்காரர் திருப்பி அனுப்பி விட்டார்கள். பிறகு ஐரோப்பாவில் 1619இல் இரு கும்பினிகளும் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டன. அதன்படி 1621இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டில் குடியேறினர். வியாபாரத்திலும் பங்கு, கோட்டைச் செலவிலும் பங்கு. நம் பக்கத்துப் பாஷையில் சொன்னால் ஒண்டுக்குடித்தனம்! ஒண்டுக்குடித்தனத்தின் சுகத்தைச் சென்னை வாசிகளுக்கு விவரிக்க வேண்டியதில்லை. இரண்டே வருஷத்தில், 1623இல், சாமான்களைக் கட்டிக் கொண்டு வெளியேறினார்கள். 1626இல் இன்னும் வடக்கே, ஆர்மகான் என்று அவர்கள் அழைத்த துர்க்கராஜபட்டினத்தில் போய் உட்கார்ந்தார்கள். அங்கே நல்ல துணி கிடைக்கவில்லை. கடைசியில் பிரான்சிஸ் டே என்ற கும்பினி உத்தியோகஸ்தர் தெற்கே இடம் தேடி வந்து, 1639இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் மதராஸப்பட்டினத்து மணல் துண்டைப் பெற்றார்.

அந்த மணலில் என்ன இருந்தது? துறைமுகம் இல்லை. பழவேற்காட்டுக்காவது ஏரி உண்டு. மதராஸில் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஆணியே அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளில் ஏறி, அலையோடு மல்லுக்கு நின்று, தொப்பலாக நனைந்து கரையேற வேண்டும். கவர்னர் துரைக்கும் அதே கதிதான். இந்த நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் நீடித்தது. கஷ்டப்பட்டுக் கட்டிய துறைமுகத்தையும் 1881இல் ஒரு புயல் வந்து உடைத்து விட்டது.

பின் எதைக் கண்டு டே துரை இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்? மற்ற இடங்களைவிட நூற்றுக்கு இருபது பங்கு மலிவாக இங்கே துணி வாங்கலாம் என்று அவர் தம் மேலதிகாரிகளுக்குத் தெரிவித்தார். கும்பினியார் அந்தச் சூட்சுமத்தைக் கடைசி வரை விடவில்லை. நெசவாளரைக் குடியேற்றினார்கள், வரிச் சலுகை கொடுத்தார்கள், வீடு கட்ட இடம் கொடுத்தார்கள். 1717 முதல் 1720 வரை கவர்னராயிருந்த காலட் துரை திருவொற்றியூர்ப் பக்கத்தில் நெசவாளருக்கென்று ஒரு பேட்டை அமைத்தார். அந்தக் காலட் பேட்டைதான் பாவம், காலாடிப்பேட்டை ஆயிற்று. 1734இல் சிந்தாதிரிப்பேட்டை தோன்றியது. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே அப்படித் திரிந்தது என்பார்கள்.

தறி எங்கே போயிற்றோ அங்கே துணி போயிற்று. துணி போன இடத்துக்குக் கப்பல் போயிற்று. டச்சுக்காரர் 1690இல் தங்கள் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக் கொண்டார்கள். பழவேற்காட்டின் முகத்துவாரத்தை மணல் மூடிக் கொண்டே வந்தது. 1806இல் கோட்டை இடிக்கப்பட்டது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மறு வருஷம் ஊரே ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஒண்டுக்குடித்தனம் வந்தவர் இருநூறு வருஷம் கழித்து வீட்டுக்காரர் ஆனார். ஆனால் அதற்குள் வீடு குட்டிச்சுவராகி விட்டது!

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை தெற்கே போகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோ மீட்டரில் கோவளம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்ட் கும்பினியார் இங்கே வியாபாரம் செய்தார்கள். பிறகு ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கோட்டை கட்டினார். 1750இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1752இல் கிளைவ் பிடித்தார். அப்போது கிளைவிடம் இருந்தவர்கள் புதிதாய்ச் சேர்ந்த கற்றுக்குட்டிச் சிப்பாய்கள். பீரங்கிச் சத்தம் கேட்டு மறைந்து போன காவல்காரன் ஒருவன் சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டான் என்று மெக்காலே எழுதியிருக்கிறார். குழந்தைகளுக்குக் கோவளம் மறக்காமல் இருக்க இந்தக் கதை ஒன்று போதும். கோட்டையைப் பார்க்க முடியாது. அந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய ஹோட்டல் இருக்கிறது.

மாமல்லபுரத்தையும் தாண்டிக் கல்பாக்கத்து அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். ஐரோப்பியர் நாவில் சத்ராஸ். மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் போன ஊர். கடலைப் பார்த்த செங்கல் கோட்டையும், தானியக் கிடங்கும், பூவேலை செய்த டச்சுச் சமாதிகளும் அரசாங்கத் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 1754 ஜனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச இந்த ஊரில் கூடினார்கள். ஊர் டச்சுக்காரருடையது, ஆகவே பொது இடம். இரண்டு பேர் வழக்குக்கு மூன்றாமவன் திண்ணை! பேச்சு முறிந்தது. 1782 பிப்ரவரி 17ஆம் தேதி இதே கடலில் பிரெஞ்சுத் தளபதி சப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூஸும் கப்பல் சண்டை போட்டார்கள். அதற்கு முந்திய வருஷமே ஊர் ஆங்கிலேயர் வசமாகியிருந்தது.

இன்னும் போக மனமிருந்தால், சென்னையிலிருந்து சுமார் 100 கிலோ மீட்டரில், கடப்பாக்கத்துக்கு அருகே ஆலம்பரைக் கோட்டை. 1750இல் முசபர் ஜங் இதைப் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேக்குக் கொடுத்தார். நாணயம் அடித்த இடம். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். மீதி நின்ற சுவர்களையும் 2004ஆம் வருஷத்துச் சுனாமி அலைகள் சேதப்படுத்தின. மாலை வெயிலில் அந்தச் செங்கல் சுவர்களும் உப்பங்கழியும் கண்ணுக்கு நிறைவான காட்சி.

அங்கே உட்கார்ந்து புளியோதரையைப் பிரிக்கும்போது ஏதாவது ஒரு குழந்தை, "இவ்வளவு பெரிய கோட்டையைக் கட்டிவிட்டு ஏன் அப்பா எல்லாரும் போய்விட்டார்கள்?" என்று கேட்கும். பீரங்கியால் தோற்றார்கள் என்று சொல்வது பாதி உண்மைதான். 1746இல் பிரெஞ்சுக்காரரின் பீரங்கி சென்னையையும் பிடித்தது. மூன்று வருஷம் வைத்துக் கொண்டு 1749இல் திருப்பிக் கொடுத்தது. பட்டணம் அதனால் அழிந்து விடவில்லை. தறிக்காரன் கிளம்பிப் போய்விட்ட ஊரைத்தான் எந்தக் கோட்டையாலும் காப்பாற்ற முடியவில்லை.

அந்தத் தறிக்காரனுக்கு என்ன பிரதி கிடைத்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் லங்காஷயர் யந்திரத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. எவனுடைய விரலை நம்பிப் பட்டணம் எழுந்ததோ, அவனைப் பட்டணம் மறந்து போயிற்று. சிந்தாதிரிப்பேட்டையில் இன்று மீன் அங்காடியின் இரைச்சல் பிரமாதமாக இருக்கிறது. அது தறிகளுக்காகப் பிறந்த பேட்டை என்பதைப் பெயரைப் பிரித்துச் சொன்னால்தான் தெரிகிறது. சென்னையில் கவர்னர்களுக்கும் தளபதிகளுக்கும் சிலைகள் எழுந்த காலம் உண்டு. நெசவாளனுக்கு மிஞ்சியது இரண்டு பேட்டைகளின் பெயர்தான். அதிலும் ஒன்று கவர்னர் துரையின் பெயர்!

ஆகவே, நாலு பங்காளிகளின் வீட்டையும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஐந்தாவதாக ஒரு பயணத்தையும் சேர்த்துக் கொள்ளலாம். இதற்குக் கட்டுச் சாதம்கூட வேண்டாம். ஏதாவது ஒரு சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு சிந்தாதிரிப்பேட்டைத் தெருக்களில் குழந்தைகளின் கையைப் பிடித்துக் கொண்டு நடந்து விட்டு வரலாம். பழவேற்காட்டுக் கதையின் மற்றொரு பாதி அங்கேதான் நடந்தது.