எண்ணெயில் கரைந்த தூக்கம்

பெஸ்தாரி ஜெயா பக்கம் போகிறவர்களுக்குத் தென்னமரம் தோட்டத்தைத் தெரிந்திருக்கும். பெயர்தான் தென்னை, நிற்பது செம்பனை. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே, காப்பி சரிவராத அந்த நிலத்தில் செம்பனையை நட்டார். வணிகத்துக்காக மலேசியாவில் நட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுதான். அந்தக் கொட்டை எண்ணெய் மயக்க ஊசியின் வரலாற்றிலும் ஓரமாக வந்து போகிறது.

சீழ்க்கட்டியைக் கீறுவது, விலகிய மூட்டைச் சேர்ப்பது மாதிரி பத்து நிமிட வேலைக்கு ரத்தக்குழாயில் ஓர் ஊசி போதும். 1934இல் புழக்கத்துக்கு வந்த தியோபென்டோன் அரை நிமிடத்தில் தூங்க வைக்கும். தண்ணீரில் கரையும். ஆனால் கடுங்காரம், குழாயை விட்டுக் கசிந்தால் சதை புண்ணாகிவிடும். மருந்து உடம்புக் கொழுப்பில் தங்குவதால் எழுந்த பிறகும் பல மணி நேரம் கிறக்கம். 1962இல் கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கிய கெட்டமின் வேறு ரகம். வலி போகும், மூச்சு பெரும்பாலும் தானாகவே ஓடும், ரத்த அழுத்தமும் பொதுவாக இறங்காது. வியட்நாம் போர்க்களத்தில் அது எடுபட்டது அதனால்தான். என்ன, விழிக்கும்போது சிலருக்குப் பயங்கரக் கனவுகள் வரும்.

புரொபஃபோல் கதையே வேற. ஐசிஐ நிறுவனத்தில் வேலை பார்த்த கால்நடை மருத்துவர் ஜான் பேர்ட் கிளென், 1973இல் அதைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நல்ல மருந்து, ஆனால் தண்ணீரில் கரையாது. விளக்கெண்ணெயிலிருந்து செய்த கிரெமோஃபோரில் கரைத்து மனிதர்களுக்குக் கொடுத்தபோது சிலருக்குக் கடும் ஒவ்வாமை வந்தது. அதோடு மருந்தையே மூட்டை கட்டியிருக்கலாம். கிளென் விடவில்லை. சோயா எண்ணெயையும் முட்டைக்கருவின் லெசித்தினையும் நீரில் கலந்து பால் மாதிரி ஆக்கினார்கள். 1986இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. எஞ்சினியரான எனக்குப் பிடித்த இடம் இதுதான்: மூலக்கூறு மாறவே இல்லை, எண்ணெய்தான் மாறியது.

ஊசி ஏறும்போது கை எரிவது மட்டும் மிச்சம். பிறகு வந்த சில தயாரிப்புகளில் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பையும் சேர்த்தார்கள், எரிச்சல் குறைந்தது. அந்தக் கொழுப்பை எடுப்பது தேங்காயிலிருந்தும் செம்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்தும்!

தெளிவாக விழித்து அன்றே வீட்டுக்குப் போகலாம் என்பது நாள்கூலிக்காரருக்குச் சின்ன விஷயமில்லை. ஆனால் புரொபஃபோல் மூச்சை அடக்கும், ரத்த அழுத்தத்தை இறக்கும். ஆக்சிஜனும் மூச்சுப்பையும் வேண்டும், அதைவிட முக்கியமாகக் கண்ணெடுக்காமல் பார்க்கப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் வேண்டும். எது நல்ல மருந்து என்று கேட்பதற்கு முன்னால், அந்த ஆள் ஊரில் இருக்கிறாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது. மயக்க மருத்துவர் கிடைக்காத உலகின் பல மூலைகளில் இன்றும் கை போவது கெட்டமின் குப்பிக்குத்தான்.