குறியெண்ணும் மெய்ப்பாடும்: சமூக ஊடக உரையாடல்களில் எமோஜித் தேடல்

முன்னுரை

ஒரு நூலில் ஒரு சொல் பயின்றுவரும் இடங்களையெல்லாம் காட்டும் சொல்லடைவு தமிழாய்வுக்குப் பழகிய கருவியாகும். சமூக ஊடக உரையாடல்களை ஆராய்வோர் இன்று சொல்லைத் தேடுவது போலவே எமோஜி என்னும் படக்குறியையும் தேடுகின்றனர். 'நன்றி' என்னும் ஒரு சொல்லைத் தமிழர் தமிழெழுத்திலும் உரோமன் எழுத்திலும் பலவாறு எழுதுகின்றனர். கைகூப்பும் படக்குறிக்கோ எம்மொழி உரையாடலிலும் குறியெண் ஒன்றே. ஆகவே, சொல்தேடலுக்கு அகப்படாத உரையாடல்களும் இத்தேடலில் கிடைக்கின்றன. இத்தேடல் இயல்வதான வரலாற்றையும், அது தரும் எண்ணிக்கையை எவ்வளவு தூரம் சான்றாகக் கொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

புனேயும் குறியெண்ணும்

கணிப்பொறி எழுத்தின் வடிவத்தைத் தேடுவதில்லை. அதற்கு வழங்கப்பட்ட எண்ணையே தேடுகிறது. இந்திய எழுத்துகள் எண் பெற்ற வரலாற்றில் புனே நகருக்குத் தனியிடம் உண்டு. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய ஜிஸ்ட் என்னும் எழுத்துத் தொழில்நுட்பப் பணி, 1988இல் புனேயில் நிறுவப்பெற்ற சி-டாக் என்னும் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி மையத்தில் தொடர்ந்தது. இப்பணியோடு வளர்ந்த இஸ்கி குறியீட்டை இந்தியத் தர நிறுவனம் 1991இல் தரமாக ஏற்றது.

பிராமியிலிருந்து கிளைத்த முதன்மையான இந்திய எழுத்துமுறைகளுக்கு ஒரே வரிசையை இஸ்கி வகுத்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, 1988ஆம் ஆண்டு இஸ்கியின் வைப்புமுறையைப் பின்பற்றியது. ஒருங்குறித் தமிழ்ப்பகுதியில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே இன்றும் காணப்படும் மூன்று வெற்றிடங்கள், தமிழில் இல்லாத வருக்க எழுத்துகளுக்கு உரிய இடங்களாகும்.

இதற்கிடையில் தமிழ் இணையத்தில் எழுத்துருதோறும் குறியேற்றம் வேறுபட்டது. 1999ஆம் ஆண்டு சென்னை மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்னும் தரங்கள் வகுக்கப்பட்டன. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் அதனுடன் தேஸ்-16 முறையையும் ஏற்றது. பழைய குறியேற்றங்களில் எழுதப்பட்ட பனுவல்கள் மாற்றப்பட்டாலன்றி இன்றைய தேடலுக்கு எட்டுவதில்லை.

படக்குறியின் வரலாறும் இதனை ஒத்ததே. 'எமோஜி' என்பது படம், எழுத்து என்னும் பொருளுடைய சப்பானியச் சொற்களின் கூட்டாகும். 1999இல் என்.டி.டி. டொகோமோ நிறுவனத்துக்காகச் சிகேதகா குரிதா 176 படக்குறிகளை அமைத்தார். சப்பானியக் கைப்பேசி நிறுவனங்கள் தத்தமக்கெனத் தனித்தனி எண்களை வழங்கியதால், ஒரு நிறுவனத்தின் குறி மற்றொன்றன் திரையில் சிதைந்தது. 2010 அக்டோபரில் வெளிவந்த ஒருங்குறி 6.0 பதிப்பே அவற்றுக்குப் பொது எண்களை வழங்கியது. 2019ஆம் ஆண்டின் 12.0 பதிப்பில் சேலை, ஆட்டோ, அகல்விளக்கு ஆகிய படக்குறிகளும் தமிழின் பழைய பின்னக்குறிகளும் அளவைக்குறிகளும் ஒருங்கே இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

எண்ணிக்கையும் பொருளும்

எண் கிடைத்தபின் எண்ணுதல் எளிதாயிற்று. 2015இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்று, 13 மொழிகளைச் சார்ந்த 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட டுவிட்டர் பதிவுகளை 83 பேரைக் கொண்டு வகைப்படுத்தி, 751 படக்குறிகளுக்கு உணர்வு மதிப்பு அளித்தது. கண்ணீர் மல்கச் சிரிக்கும் முகம் பொதுவாக உடன்பாட்டு மதிப்பே பெற்றது. எனினும் அக்குறி வந்த பதிவுகளில் ஏறத்தாழக் கால்பங்கு எதிர்மறையானவை.

இம்முரணை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணைசெய்கிறது. அது நகையையும் உவகையையும் இருவேறு மெய்ப்பாடுகளாகக் கொள்வதோடு, மெய்ப்பாடு ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. நகையின் நிலைக்களன்களுள் எள்ளலும் ஒன்று. எனவே சிரிப்பு என்னும் புறக்குறி மகிழ்ச்சிக்குச் சான்றாகாது. அது தோன்றிய களமே பொருளை உறுதிசெய்யும். கைகூப்பும் குறியும் தமிழ் உரையாடலில் வணக்கம், நன்றி, வேண்டுதல், இரங்கல் ஆகியவற்றுக்கு ஒருசேர வழங்குகிறது. அக்குறியின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு நாளைத் துயர்நாள் என்றோ விழாநாள் என்றோ துணிதல் பிழையாகும்.

வடிவமும் நிலையானதன்று. 2016இல் ஆப்பிள் நிறுவனம் துப்பாக்கிக் குறியை நீர்த்துப்பாக்கியாக மாற்றியது. 2018இல் பிற நிறுவனங்கள் பலவும் அதனைப் பின்பற்றின. எண் மாறாதிருக்க வடிவம் மாறியதால், பழைய பதிவொன்றில் எழுதியவர் கண்ட மிரட்டல் இன்று படிப்பவருக்கு விளையாட்டாகத் தோன்றக்கூடும். 2015 முதல் கைகூப்பும் குறி முதலியவற்றுடன் தோல்நிறத்துக்கான எண்ணும் சேர்ந்து வருவதால், அதனைக் கருதாத தேடல் ஒரே குறியைப் பலவாகப் பிரித்தெண்ணும்.

முடிவுரை

புனே பண்டார்க்கர் நிறுவனத்தின் மகாபாரதச் செம்பதிப்புப் பணி 1919 முதல் 1966 வரை நடைபெற்றது. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளை ஒவ்வோரிடத்திலும் பதிவுசெய்த அந்நெறி படக்குறி ஆய்வுக்கும் பொருந்தும். குறியெண், பதிவின் ஆண்டு, கருவி, முன்பின் வந்த கூற்றுகள் ஆகியவற்றைக் குறிக்காத எண்ணிக்கை, இடஞ்சுட்டாத மேற்கோளை ஒக்கும். டுவிட்டர் நிறுவனம் ஆய்வாளர்க்கு இலவசமாக அளித்துவந்த தரவு வாயிலை 2023இல் அடைத்துவிட்டமையால், முன்னர்த் திரட்டியவற்றை மீண்டும் சரிபார்த்தலும் அரிதாயிற்று. ஆகவே தேடல் காட்டும் இடங்களைத் தொடக்கமாகக் கொண்டு, களத்தோடு அவற்றைப் படித்துப் பொருள் துணிதலே தமிழாய்வுக்கு ஏற்ற நெறி எனலாம்.