சூரத்தில் தொடங்கிய ஒரு ஸ்காட்லாந்து வம்சாவளி

கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர்களின் சந்ததியார் தங்கள் மூதாதையரைத் தேடி எடின்பரோவுக்கு க்ஷேத்திராடனம் வருவதுபோல் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கு வாய்த்த பாக்கியம் ஆவணங்கள். பெர்த்ஷயரில் எரல் என்ற ஊரின் சர்ச் பதிவேடு 1553-லேயே தொடங்குகிறது. 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, விவாகம், மரணம் மூன்றையும் அரசாங்கமே பதிவு செய்கிறது. விவாகமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரையும் விடாமல் எழுதி வைத்திருப்பது அந்நாட்டுப் பதிவுகளின் தனிச் சிறப்பு. தாய்வழியைத் தேடுபவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. முதல் பிள்ளைக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாவது பிள்ளைக்குத் தாயின் தந்தை பெயர், முதல் பெண்ணுக்குத் தாயின் தாய் பெயர் என்பது அங்கே பழைய வழக்கம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வீட்டாருக்கு இதை விளக்கவே வேண்டாம். எல்லோரும் இதை அனுசரித்தார்கள் என்றில்லை. ஆனாலும் ஒரு குடும்பத்தில் குழந்தைகளின் பெயர்களைப் பார்த்தே பாட்டன் பாட்டி யார் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

குடும்பப் பெயரை மட்டும் நம்பினால் ஏமாற்றமே. ஒரே குலப்பெயர் கொண்டவர்கள் எல்லோரும் ஒரே மூதாதையின் வம்சம் அல்லர். தலைவனின் நிலத்தை உழுதவர்களும், அவன் பாதுகாப்பை நாடியவர்களும் அவன் பெயரையே வைத்துக்கொண்டார்கள். மக்ரெகர் குலத்தின் கதை இதற்கு நேர் எதிர். 1603-ல் அந்தப் பெயரைச் சொல்வதே குற்றம் என்று அரசாணை பிறந்தது. உயிருக்குப் பயந்து பலர் வேறு பெயர்களில் ஒளிந்துகொண்டார்கள். 1661-ல் தடை நீங்கி, 1693-ல் திரும்பி வந்து, 1774-ல்தான் முற்றிலும் ஒழிந்தது. அதற்குள் பல தலைமுறைகள் கடந்துவிட்டன; அவர்களில் எத்தனையோ பேர் பழைய பெயருக்குத் திரும்பவேயில்லை.

காகிதம் கைவிடும் இந்த இடத்தில்தான் மரபணுச் சோதனை வருகிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம், நம் கோத்திரத்தைப் போல ஆண்வழியிலேயே இறங்குவது. மேற்குத் தீவுகளை ஆண்டு 1164-ல் மாண்ட சோமர்லெட் என்ற தலைவனைத் தங்கள் மூலபுருஷனாகச் சொல்பவர்கள் மக்டொனால்டு, மக்டூகல், மக்அலிஸ்டர் குலத்தார். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பிரயன் சைக்ஸ் சோதித்தபோது இம்மூன்று குலத்தாரில் பலரிடம் ஒரே அடையாளம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், பரம்பரைக் கதை சோமர்லெட்டை கேலிக் வம்சத்தவன் என்கிறது; அடையாளமோ நார்வே பக்கத்து ஆர்1ஏ பிரிவைச் சேர்ந்தது. யாரை எதிர்த்துப் போரிட்டானோ அவர்களுடைய ஆண்வழியே அவனுடையதும்! ஆர்1ஏ நம்மவர்களிடமும் கணிசமாக உண்டு. ஆனால் அது வேறு கிளை. இரு கிளைகளும் பிரிந்து ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே வாசகர்கள் அவசரப்பட்டு மக்டொனால்டுகளோடு பங்காளி உறவு கொண்டாட வேண்டாம்.

தாய்வழிக்கு வேறொரு சாட்சி இருக்கிறது. மைட்டோகாண்டிரியா மரபணு தாயிடமிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் வரும். ஆனால் பெண்கள் மூலமாக மட்டுமே மேலும் இறங்கும். நம் சிராத்தத்தில்கூடத் தாயின் தாயோடு அந்த வழி நின்றுவிடுகிறது. அவளுடைய தாய்க்கு அங்கே இடமில்லை. அப்படி மறக்கப்பட்ட ஒருத்தியைத்தான் இந்தச் சோதனை மீட்டுத் தந்தது.

அபர்தீன்ஷயரைச் சேர்ந்த தியோடர் ஃபோர்ப்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சூரத்துக்கு வந்தவர். அங்கே எலைசா கேவார்க் என்ற பெண்ணுடன் குடும்பம் நடத்தினார். 1812-ல் கேதரின் பிறந்தாள்; பின்னர் அலெக்சாண்டர். ஃபோர்ப்ஸ் பிறகு பம்பாய்க்குப் போய்விட, எலைசா சூரத்திலேயே விடப்பட்டாள். தன்னையும் அழைத்துக்கொள்ளும்படி அவள் அனுப்பிய கடிதங்கள் அவர் மனத்தை மாற்றவில்லை. கேதரினுக்கு ஆறு வயதானபோது கப்பலேற்றி ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் மகளை மறுபடி பார்க்கவேயில்லை. ஃபோர்ப்ஸும் 1820-ல் சீமைக்குத் திரும்பும் வழியில் கப்பலிலேயே காலமானார். அவருடைய உயிலில் எலைசாவுக்குக் கிடைத்த ஸ்தானம் வீட்டுப் பணிப்பெண் என்பது.

கேதரின் அபர்தீனில் வளர்ந்து ஜேம்ஸ் கிராம்பியை மணந்தாள். அவள் மகள் ஜேன். ஜேனின் மகள் ரூத் லிட்டில்ஜான். அவள் மகள் லேடி ஃபெர்மாய். அவள் மகள் ஃபிரான்சஸ். ஃபிரான்சஸின் மகள்தான் இளவரசி டயானா. இது முழுக்கப் பெண்வழி. பதிவேடுகளைக் கொண்டே இத்தனையும் தெரிந்ததுதான். ஆனால் எலைசாவை ஆர்மீனியப் பெண் என்றே குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் 'இந்தியப் பெண்' என்பதைவிட அது கௌரவமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2013-ல் இதே பெண்வழியைச் சேர்ந்த தூரத்து உறவினர் இருவரின் எச்சிலைச் சோதித்ததில் கிடைத்தது ஆர்30பி என்ற அபூர்வ வகை. அதற்கு முன் பதிவாகியிருந்தவை எல்லாமே இந்தியாவில் கண்டவை, நேபாளத்தில் ஒன்று நீங்கலாக. இதனால் ஆர்மீனியக் கதை பொய்யாகிவிடாது. கேவார்க் ஆர்மீனியப் பெயரே. அவள் கடிதங்கள் சிலவற்றில் ஆர்மீனிய எழுத்தும் காணப்படுகிறது. தந்தை ஆர்மீனியர், தாயோ தாய்வழிப் பாட்டியோ இந்தியப் பெண் என்று கொண்டால் இரண்டும் பொருந்திப்போகின்றன.

வில்லியமிடம் நேரடியாகச் சோதனை எதுவும் செய்யாமல் அவர் வம்சத்தை ஊரறியச் செய்தது முறையா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். எலைசாவிலிருந்து எண்ணினால் அவர் ஏழாவது தலைமுறை. சராசரிக் கணக்கில் அவளுடைய பங்கு அவரிடம் 128-ல் ஒன்றுக்கு மேல் இராது. ஆர்30பி மட்டும் குறையாமல் வந்திருக்கிறது. அவரும் ஹாரியும் ஆண்கள் ஆகையால் அவர்களுடைய குழந்தைகளுக்கு அது போகாது. எலைசாவின் கடிதங்கள் இன்றும் ஸ்காட்லாந்தில் பத்திரமாக இருக்கின்றன.