ஒரு பிறின்ரர் நின்றுபோன கதையும் அதுக்குப் பின்னால் கிடக்கிற ஐம்பது வருசமும்

முல்லைத்தீவில் எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு பழைய கொம்பியூட்டர் இருக்கு. அதில் டெபியன் லினக்ஸ் போட்டு, யூஎஸ்பி வயரால் ஒரு லேசர் பிறின்ரரைப் பூட்டி, அதையே சேர்வராக்கி வைச்சிருக்கிறம். பிள்ளைகளின்ர போன், லப்டொப் எல்லாம் அதுக்கூடாகத்தான் பிறின்ற் எடுக்கும். போன மாரியில் ஒரு பின்னேரம் கரண்ட் போய்த் திரும்பி வந்துது. பிறின்ரர் வரேல்ல.

கடந்தகால வினாத்தாள் எடுக்க ஆறேழு சாதாரணதரப் பிள்ளைகள் நிற்கினம். அவையோட ஒரு அம்மம்மா. அடுத்தநாள் காலமை பிரதேச செயலகத்தில் குடுக்க வேண்டிய காணிக் கடிதம் அவவுக்கு. "அவசரமில்லை பிள்ளையள், ஆனா இண்டைக்கு வேணும்" எண்டா.

நாங்கள் கலைப்பீடம். வரலாறு படிக்கிற ஆக்கள். திருத்தத் தொடங்கின இடத்திலும் வரலாறுதான் வந்து மாட்டினது.

யுனிக்ஸ் வளர்ந்ததே ஒரு விண்ணப்பக் கடித வேலையால்தான். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் பழைய பிடிபி-7 இயந்திரமொன்றில் அதைத் தொடங்கினார்கள். நல்ல இயந்திரம் வாங்க மேலிடம் காசு தராது. மல்டிக்ஸ் திட்டத்தில் கைசுட்ட நிர்வாகம் அது. ஆகவே, "ஆவணம் தட்டச்சிட்டு ஒழுங்குபடுத்தும் முறையொன்று செய்து தாறம்" எண்டு சொல்லித்தான் பிடிபி-11ஐ வாங்கினார்கள். 1971இல் அதன் முதல் வாடிக்கையாளர் நிறுவனத்தின்ர காப்புரிமைப் பகுதி. அங்க தட்டச்சாளர்கள் விண்ணப்பங்களை அடிச்சு எடுத்தார்கள். எங்கட அம்மம்மாவின்ர கடிதத்துக்கும் யுனிக்ஸுக்கும் அப்ப இருந்தே சொந்தம் இருக்கு.

லினக்ஸில் பிறின்ரருக்கு 'எல்பி' எண்டு பேர் வந்ததும் அந்தக் காலத்திலதான். வரி வரியாக அடிக்கும் 'லைன் பிறின்ரர்' எப்பவோ போட்டுது, பேர் மட்டும் நிற்குது. ஒரு பகிடியும் உண்டு. பிறின்ரர் பிழை எண்டு சொல்லுது, என்ன பிழை எண்டு கொம்பியூட்டருக்கு விளங்கேல்ல எண்டால், "எல்பி0 தீப்பற்றி எரியுது" எண்டு லினக்ஸ் செய்தி காட்டும். எங்களுக்கு அந்தச் செய்திகூட வரேல்ல.

முதல் எல்எஸ்யூஎஸ்பி அடிச்சம். பட்டியலில் பிறின்ரர் நிற்குது. அப்ப வயர் பிழையில்லை. பிறகு எல்பிஸ்டாட். வரிசை நிறுத்தப்பட்டிருக்கு எண்டு காட்டினது. அச்சிடேக்க கரண்ட் போனதால் கப்ஸ் தானே வரிசையை மூடிப்போட்டு இருந்திட்டுது. கரண்ட் வந்தாலும் அது தானாத் திறக்காது, ஆராவது சொல்லவேணும். கப்ஸ்எனேபிள் எண்ட கட்டளையால் திறந்தம். கடிதத்தை அனுப்பினம். "முடிந்தது" எண்டு காட்டுது. தாள் வரேல்ல. திரும்ப அனுப்பினம். திரும்பவும் "முடிந்தது". பதிவுக் கோப்பைத் திறந்து பாத்தால் ஒரு பிழையும் இல்லை. மனுசரை விசராக்கிற இடம் இதுதான்.

இந்தக் கப்ஸுக்கும் ஒரு கதை இருக்கு. 90கள் வரை ஒவ்வொரு யுனிக்ஸிலும் அச்சு ஒவ்வொரு மாதிரி. பெர்க்லி வழியில் வந்தால் எல்பிஆர், சிஸ்டம் ஃபைவ் எண்டால் எல்பி. மைக்கேல் ஸ்வீட் எண்டவர் 1999இல் கப்ஸை வெளியிட்ட பிறகுதான் இது ஒரு வழிக்கு வந்தது. 2002இல் ஆப்பிள் அதைத் தன் மாக்கில் சேர்த்தது, 2007இல் மூலநிரலையே வாங்கி அவரையும் வேலைக்கு எடுத்தது. எண்டாலும் நிரல் திறந்தே இருந்ததால் எங்கட நிலையத்துக்கும் அது வந்து சேர்ந்தது.

கடைசியில், இதைப் பூட்டித் தந்த அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தம். அந்தக் கிழமைதான் அவர் கட்டாருக்குப் போனவர். "பிறின்ரரை மட்டும் நிப்பாட்டிப்போடாதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் போனவர், ஏன் எண்டு சொல்லேல்ல. இப்ப சொன்னார். இந்த மலிவு ரகப் பிறின்ரருக்குள்ள சொந்தமா மூளை இல்லை. ஒவ்வொருமுறை கரண்ட் வரேக்கயும் ஃபேர்ம்வெயார் எண்ட கோப்பைக் கொம்பியூட்டர்தான் அனுப்பவேணும். அனுப்பாட்டில் வாற வேலையெல்லாத்தையும் விழுங்கிப்போட்டுச் சும்மா இருக்கும். அவர் அதைக் கையால் அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறார். "கோப்பு அங்கதான் கிடக்கு. கேட் கட்டளையால் எல்பி0க்குள்ள தள்ளிவிடுங்கோ."

தள்ளினம். லைற் மினுங்கினது, உருளை சுத்தினது. அம்மம்மாவின்ர கடிதம் நாலு பிரதி வந்தது, நாங்கள் நாலுதரம் அனுப்பியிருந்தபடியால்.

அந்தக் கோப்பை அனுப்ப எங்களுக்குத் தெரியும், வாசிக்கத் தெரியாது. டிரைவர் திறந்தது, ரிக் ரிச்சர்ட்சன் எண்ட நிரலாளர் எழுதிப் பொதுவில் விட்டது. ஃபேர்ம்வெயார் மூடினது. இந்த மூடின கதவில்தான் 1980 அளவில் ரிச்சர்ட் ஸ்டோல்மனும் போய் முட்டினார். எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் பழைய பிறின்ரரின்ர நிரலை அவர் திருத்தியிருந்தார். தாள் சிக்கினால் காத்திருக்கிறவைக்குச் செய்தி போகும். செரொக்ஸ் தந்த புது லேசர் பிறின்ரருக்கு அப்படிச் செய்ய நிரல் குடுக்கப்படேல்ல. கார்னகி மெலனில் ஒருவரிட்டை அது இருந்தது. நேரே போய்க் கேட்டார். ஆருக்கும் குடுக்கிறதில்லை எண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைச்சிட்டன் எண்டு அந்தாள் மறுத்திட்டார். அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983 செப்டெம்பர் 27இல் க்னூ திட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸின் கரு அதோட சேர்ந்தது.

இதை வாசிக்கேக்க எங்களுக்கு வீட்டில் கேட்ட கதைதான் ஞாபகம் வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோலும் பற்றரியும் இல்லை. கொஞ்சப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினது. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டிச்சினம். அந்த இயந்திரங்களைக் கழட்டலாம், பாக்கலாம், மாத்தலாம். அதனாலதான் அது நடந்தது. பூட்டி ஒட்டின இயந்திரமெண்டால் எங்கட அப்பாமார் என்ன செய்திருப்பினம் எண்டு தெரியாது.

பிறகு ஒரு சின்ன விதிக் கோப்பு எழுதினம். யூஎஸ்பியில் பிறின்ரர் தெரிஞ்ச உடன லினக்ஸ் தானே ஃபேர்ம்வெயாரை அனுப்பும். எழுத முழு இரவு போனது, எழுதினது ரெண்டு வரி. அதையும், வரிசையைத் திறக்கிற கட்டளையையும் பெரிய எழுத்தில் அச்சடிச்சு சுவரில் ஒட்டியிருக்கிறம். எங்களில் ரெண்டு பேர் தை மாதம் கம்பஸுக்குத் திரும்பவேணும். அதுக்கு முதல், பத்தாம் ஆண்டுத் தங்கச்சி ஒருத்தியை இருத்தி, பிறின்ரரை வேணுமெண்டே நிப்பாட்டிப்போட்டுத் திருத்தச் சொன்னம். பதினொரு நிமிசம் எடுத்தா. சுவரில் ஒரு எழுத்துப் பிழை இருக்கு எண்டும் சொன்னா.