மண்ணெண்ணெயின் விலையை முடிவு செய்தவர்கள் யார்?

எரிபொருள் அரசியலைப் பற்றி இந்தியாவில் விவாதம் எழும்போதெல்லாம் பெட்ரோலும் டீசலுமே முன்னுக்கு வருகின்றன. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டின் ஏழை வீட்டுக்குள் நுழைந்த பெட்ரோலியப் பொருள் மண்ணெண்ணெய் ஒன்றே. சிம்னி விளக்கிலும் அரிக்கேன் விளக்கிலும் திரி ஸ்டவ்விலும் எரிந்த அந்த எண்ணெய்க்கு மக்கள் இட்ட பெயர்களே அதன் வரலாற்றைச் சொல்லிவிடும். தமிழர் அதைச் சீமையிலிருந்து வந்த பொருளாகக் கண்டு 'சீமெண்ணெய்' என்றனர். ஆங்கிலச் சொல்லைத் தம் நாவுக்கு இணக்கி 'கிருஷ்ணாயில்' என்றும் அழைத்தனர். வடக்கே அது 'மிட்டீ கா தேல்', அதாவது மண்ணின் எண்ணெய். ஒரு பெயர் அதன் வெளிநாட்டுப் பிறப்பைக் காட்டுகிறது. மற்றொன்று அது இம்மண்ணின் பொருளாகவே ஆகிவிட்டதைக் காட்டுகிறது. எங்கோ முடிவான விலையை இங்கே ஒரு குடும்பம் தன் இரவுக்காகச் செலுத்திய கதை இவ்விரு பெயர்களுக்கும் இடையில் இருக்கிறது.

மண்ணெண்ணெய்க்கு முன் விளக்கெரிக்க ஆமணக்கு, இலுப்பை, புங்கம், தேங்காய் எண்ணெய்கள் பயன்பட்டன. அவை உள்ளூர்ச் செக்கில் ஆட்டப்பட்டவை. அவற்றின் விலையை மழையும் விளைச்சலும் தீர்மானித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மண்ணெண்ணெய் தகர டின்களில் அடைபட்டு, இரண்டு டின்களுக்கு ஒரு மரப்பெட்டி என்ற கணக்கில் கப்பலேறி வந்தது. 1883-இல் பாக்கூவையும் கருங்கடல் துறைமுகமான பட்டூமையும் இணைக்கும் இருப்புப்பாதை முடிந்தபின் ருஷ்ய எண்ணெயும் போட்டிக்கு வந்தது. 1892-இல் மார்க்கஸ் சாமுவேலின் 'மியூரெக்ஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் சூயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கு நோக்கிச் சென்றது. டின் இல்லாமல் கப்பலின் தொட்டியிலேயே எண்ணெயை மொத்தமாக ஏற்றிச் சென்றால் செலவு குறையும் என்பது சாமுவேலின் கணக்கு. அக்கணக்கில் ஒரு பிழை இருந்தது. ஆசியாவின் எளிய மக்களுக்கு எண்ணெயைப் போலவே டின்னும் தேவைப்பட்டது. அது தண்ணீர்க் குடமாயிற்று, தானியம் அளக்கும் படியாயிற்று, வெட்டி விரித்தால் கூரையும் ஆயிற்று. ஆகவே தகரத் தகடுகளைக் கிழக்கே கொண்டுவந்து, அங்கேயே டின் செய்து, சிவப்பு வண்ணம் பூசி விற்க வேண்டியதாயிற்று. ஸ்டாண்டர்டு ஆயிலின் டின் நீலம். சாமுவேலின் டின் சிவப்பு. உலகின் இரு பெரும் எண்ணெய்ப் பேரரசுகளின் போட்டியை மக்கள் முதலில் அறிந்தது இவ்வண்ணங்களின் வழியாகத்தான்.

மூன்றாவது வழி பர்மா. 1886-இல் மேல் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டு கிளாஸ்கோவில் பர்மா ஆயில் கம்பெனி பதிவாயிற்று. ரங்கூனில் சுத்திகரிக்கப்பட்ட எண்ணெய் இந்தியச் சந்தையை நிரப்பியது. 1905-இல் பர்மா ஆயிலும் ஷெல் குழுமத்தைச் சேர்ந்த ஆசியாட்டிக் பெட்ரோலியமும் இந்தியச் சந்தையைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. இவ்விரு தரப்பும் 1928-இல் பர்மா-ஷெல் என்ற விற்பனை நிறுவனமாக இணைந்தன.

அந்த ஆண்டுக்குள் முதல் பெரும் வாதம் வெடித்திருந்தது. புரட்சிக்குப் பின் 1920-இல் பாக்கூ எண்ணெய் வயல்களைச் சோவியத் அரசு கைப்பற்றியது. அங்கே சொத்து இழந்தவற்றுள் ராயல் டச்சு ஷெல்லும் ஒன்று. அதன் தலைவர் ஹென்றி டெட்டர்டிங், சோவியத் எண்ணெயைத் திருட்டுப் பொருள் என்றே கருதினார். அமெரிக்காவின் நியூயார்க் ஸ்டாண்டர்டு ஆயில் அவ்வாறு கருதவில்லை. தன் எண்ணெயை அமெரிக்காவிலிருந்து உலகைச் சுற்றிக் கொண்டுவருவதைவிடக் கருங்கடலிலிருந்து சோவியத் மண்ணெண்ணெயை வாங்கி இந்தியாவில் விற்பது அந்நிறுவனத்துக்கு மலிவாக இருந்தது. 1927-இல் டெட்டர்டிங் இந்தியாவில் விலையை வெட்டினார், ஸ்டாண்டர்டும் வெட்டியது. இந்திய மண்ணெண்ணெய்ச் சந்தையில் மூண்ட அந்த விலைப்போர் விரைவில் உலகின் மற்றச் சந்தைகளுக்கும் பரவியது.

இந்தியாவில் இப்போர் விசித்திரமான ஒரு விவாதத்தைக் கிளப்பியது. பர்மாவிலும் இந்தியாவிலும் எண்ணெய் எடுத்த நிறுவனங்கள், விலை வீழ்ச்சியால் தம் தொழில் அழியும் என்று சொல்லி அரசிடம் பாதுகாப்புக் கோரின. 1928-இல் இந்தியச் சுங்கவரி வாரியம் இதை விசாரித்தது. வரி விதித்தால் தொழில் பிழைக்கும், ஆனால் விளக்கெரிப்பவர் கூடுதல் விலை தரவேண்டும். விதிக்காவிட்டால் விளக்கெரிப்பவருக்கு இலாபம், ஆனால் போர் ஓயும்வரைதான். வாரியம் பாதுகாப்புக் கோரிக்கையை ஏற்கவில்லை.

போர் ஓய்ந்த இடம் இந்தியாவிலிருந்து வெகு தொலைவில் இருந்தது. 1928 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் ஆக்னகேரி கோட்டையில் டெட்டர்டிங், நியூஜெர்சி ஸ்டாண்டர்டின் வால்டர் டீகிள், ஆங்கிலோ-பெர்சியன் நிறுவனத்தின் ஜான் கேட்மேன் ஆகியோர் கூடினர். வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் வந்ததாக வெளியில் சொல்லப்பட்டது. அங்கே உருவான 'உள்ளது உள்ளபடி' உடன்பாடு, ஒவ்வொரு நிறுவனமும் 1928-இல் வைத்திருந்த சந்தைப் பங்கை அப்படியே காத்துக்கொள்ளலாம் என்றது. 1952-இல் அமெரிக்க அரசின் விசாரணை அறிக்கை வெளியாகும்வரை இதன் முழு வடிவம் பொதுமக்களுக்குத் தெரியாது.

அவ்வுடன்பாட்டின் விலைக் கணக்குதான் இந்திய வீடுகளை நேரடியாகத் தொட்டது. எண்ணெய் எங்கிருந்து வந்தாலும், அது அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியதாகக் கொண்டு விலையும் கப்பல் கூலியும் கணக்கிடப்பட்டன. பாரசீகத்தின் அபாதானிலிருந்து பம்பாய்க்கு வந்த டின்னுக்கும் டெக்சாஸிலிருந்து வந்த கற்பனைக் கூலி சேர்ந்தது. வராத கப்பலுக்கு வாடகை கொடுத்தவர்களுள் கிராமத்து விளக்கும் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் தன் கப்பல்களுக்கு எரிபொருள் வாங்கிய பிரிட்டிஷ் அரசே இக்கணக்கைக் கேள்விக்கு உள்ளாக்கியபோதுதான் பாரசீக வளைகுடாவுக்கெனத் தனி விலைப்புள்ளி பிறந்தது. அரசின் தணிக்கையாளருக்கு எழுந்த ஐயம், பல ஆண்டுகள் அதே கூலியைச் செலுத்திய குடியானவனுக்கு எழுந்திருக்க வழியே இல்லை. அவன் கண்டது கடைக்காரர் சொன்ன விலையை மட்டுமே.

இரண்டாம் வாதம் விடுதலைக்குப் பிந்தியது. 1951 முதல் 1953 வரை இந்திய அரசு ஸ்டான்வாக், பர்மா-ஷெல், கால்டெக்ஸ் நிறுவனங்களோடு சுத்திகரிப்பு ஆலைகளுக்கான ஒப்பந்தங்களைச் செய்தது. டிராம்பேயில் இரண்டும் விசாகப்பட்டினத்தில் ஒன்றும் எழுந்தன. குறித்த காலம்வரை ஆலைகளை நாட்டுடைமை ஆக்குவதில்லை என்றும், கச்சா எண்ணெயை எங்கிருந்து வாங்குவதென்பது நிறுவனங்களின் உரிமை என்றும் அரசு ஒப்புக்கொண்டிருந்தது. அன்று அந்நியச் செலாவணியும் தொழில்நுட்பமும் இல்லாத ஒரு நாட்டுக்கு வேறு வழி குறைவு.

1960-இல் சோவியத் ஒன்றியம் மலிவு விலையில், ரூபாயிலேயே பணம் பெற்றுக்கொண்டு, கச்சா எண்ணெய் தர முன்வந்தது. எண்ணெய்த் துறை அமைச்சர் கே.டி. மாளவியா அதைச் சுத்திகரிக்கும்படி மூன்று நிறுவனங்களையும் கேட்டார். ஒப்பந்தத்தைக் காட்டி அவை மறுத்தன. வாதம் நாடாளுமன்றத்துக்கும் பத்திரிகைகளுக்கும் சென்றது. மாஸ்கோவின் பிடியில் நாடு சிக்கும் என்று ஒரு தரப்பு அஞ்சியது. இப்போதே லண்டன், நியூயார்க் பிடியில் இருக்கிறோமே என்றது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை இருந்தது. ஆனால் விலையைக் குறைத்தது மாற்று வழி ஒன்று இருக்கிறது என்ற நிலைதான். சோவியத் எண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்த அதே நிறுவனங்கள் தம் கச்சா எண்ணெய்க்குத் தள்ளுபடி தர இறங்கின. 1959-இல் தொடங்கப்பட்ட இந்தியன் ஆயில் கம்பெனி சோவியத் நாட்டிலிருந்து சுத்திகரித்த பொருள்களை நேரடியாக இறக்கியது. 1960 ஆகஸ்டில் 'உஸ்கோரோத்' என்ற கப்பல் டீசலோடு பம்பாய்க்கு வந்தது. அதே ஆண்டு அங்கலேஷ்வரில் எண்ணெய் கிடைத்தது. 1961-இல் தாம்ளே குழு, நிறுவனங்கள் சொன்ன விலைக் கணக்கை வரி வரியாக ஆராய்ந்தது. மாளவியாவின் அரசியல் வாழ்வும் கறையின்றி முடியவில்லை. தேர்தல் நன்கொடை தொடர்பான சர்ச்சையில் 1963-இல் அவர் பதவி விலகினார். எஸ்ஸோ 1974-இலும், பர்மா-ஷெல் 1976-இலும், கால்டெக்ஸ் அதையொட்டியும் அரசுடைமை ஆயின.

விலையை முடிவு செய்யும் அதிகாரம் இப்போது டெல்லிக்கு வந்துவிட்டது. மூன்றாம் வாதம் இங்கே தொடங்குகிறது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை அறிவித்தன. பீப்பாய்க்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. நவம்பரில் அடல் பிகாரி வாஜ்பாய் மாட்டுவண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்து விலையேற்றத்தை எதிர்த்தார். அந்தக் காட்சி இன்றும் நினைவுகூரப்படுகிறது. அதற்கு முன்பே பம்பாய்த் தெருக்களில் மிருணாள் கோரே, அகல்யா ரங்கனேகர் ஆகியோர் தலைமையில் பெண்கள் சப்பாத்திக் கட்டையால் தட்டுகளைத் தட்டி ஊர்வலம் போனதைக் குறைவாகவே பேசுகிறோம். தானியம், சர்க்கரையோடு மண்ணெண்ணெயும் அவர்கள் கேட்ட பொருள்களில் ஒன்று. உலக எண்ணெய் அரசியலில் சமையலறையின் குரல் நேரடியாக ஒலித்த அரிய தருணம் அது.

அரசு இதற்குக் கண்ட விடை மானியம். பெட்ரோல் விலையை உயர்த்தி, மண்ணெண்ணெயை நியாயவிலைக் கடையில் தாழ்ந்த விலைக்குக் கொடுத்தது. நோக்கம் நல்லது. ஆனால் டீசலோடு எளிதில் கலக்கும் ஒரு பொருளை டீசலைவிடப் பன்மடங்கு மலிவாக விற்றால், அது விளக்குக்குப் போகுமா, லாரிக்குப் போகுமா? நியாயவிலை மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் ஏற்றப்பட்டது. சாயத்தை நீக்கும் வழியைக் கலப்படக்காரர்கள் கண்டுகொண்டனர். கிராமத்து வரிசையில் 'சரக்கு இல்லை' என்று பதில் வந்த அதே மாதத்தில் நெடுஞ்சாலையில் அச்சரக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2005 நவம்பரில், உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், கலப்படம் செய்த எரிபொருள் நிலையத்துக்கு முத்திரையிட்ட இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரியில், மகாராஷ்டிரத்தின் மன்மாடு அருகே எண்ணெய்த் திருட்டைத் தட்டிக் கேட்ட கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனவணே உயிரோடு எரிக்கப்பட்டார்.

இன்னொரு வகை மரணம் அதிகாரிகளுடையதன்று. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தி 1970-களிலும் 1980-களிலும் நாளிதழ்களின் நிரந்தரப் பத்தியாக இருந்தது. அவற்றுள் பல விபத்துகள் அல்ல என்பதைப் பெண்கள் இயக்கங்கள் தெருவில் நின்று சொல்லவேண்டியிருந்தது. 1986-இல் வரதட்சணை மரணம் தனிக்குற்றமாகச் சட்டத்தில் சேர்ந்தது. ஒவ்வொரு சமையலறையிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மலிவான எரிபொருளுக்கு இந்த இருண்ட பக்கமும் உண்டு. மானியத்தைப் பற்றிய பொருளாதார விவாதங்கள் எதிலும் இது இடம்பெற்றதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 31.4 விழுக்காட்டு வீடுகள் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன. பீகாரில் அது 82.4 விழுக்காடு. அம்மாநிலத்தின் ஒரு பெருங்கட்சிக்கு லாந்தர் விளக்கே சின்னம். ஏழையின் வெளிச்சம் என்று ஒரு தரப்பும், இருளின் அடையாளம் என்று மறுதரப்பும் அச்சின்னத்தைப் பற்றி வாதிட்டது தற்செயலன்று. 2016 ஜூலை முதல் நியாயவிலை மண்ணெண்ணெயின் விலை மாதத்துக்கு 25 காசு என்ற அளவில் ஏறத் தொடங்கியது. பிறகு அந்த ஏற்றம் இரு வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று. பெட்ரோல் விலை ஏறினால் தலைப்புச் செய்தி. இந்த ஏற்றத்தைப் பலர் கவனிக்கவே இல்லை. 2020 வாக்கில் மானியம் மறைந்தது. அதே காலத்தில் மின்னிணைப்பும் உஜ்வலா திட்டத்தின் எரிவாயு உருளையும் வீடுகளை எட்டின. 2019-க்குள் 8 கோடி இணைப்புகள் வழங்கப்பட்டன. 2000-த்தையொட்டி ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேலிருந்த மண்ணெண்ணெய் நுகர்வு, இன்று பத்து இலட்சம் டன்னுக்கும் கீழ். புகை குறைந்தது, தீ விபத்துகளுக்கான வாய்ப்பு குறைந்தது. இது மெய்யான முன்னேற்றம்.

எனினும் பழைய கேள்வி வேறு கலத்துக்கு மாறியிருக்கிறது. நாட்டின் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதன் விலைக்கு அடிப்படை சவூதி அராம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் ஒப்பந்த விலை. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியபின் இந்தியா தள்ளுபடி விலையில் ருஷ்யக் கச்சா எண்ணெயை வாங்கத் தொடங்கியபோது எழுந்த வாதங்கள் 1927-ஐயும் 1960-ஐயும் நினைவூட்டுகின்றன: யாருடைய எண்ணெய், யாரை வலுப்படுத்தும், யார் தடுப்பார்கள் என்ற அதே மூன்று கேள்விகள். நான்காவது கேள்வி ஒன்றும் அன்று முதல் உண்டு. அந்தத் தள்ளுபடியில் எவ்வளவு, முதல் உருளை தீர்ந்தபின் இரண்டாவதை வாங்கலாமா அல்லது விறகுக்கே திரும்பலாமா என்று கணக்குப் பார்க்கும் வீட்டைச் சென்றடைகிறது? 1928-இன் சுங்கவரி வாரியம்கூட, விளக்கெரிப்பவரை ஒரு தரப்பாகக் கொண்டு அக்கேள்வியை எடைபோட்டது. இன்றைய விவாதங்கள் குறைந்தபட்சம் அந்த அளவையாவது எட்டவேண்டும்.